சேவை நாய்க்குச் சான்றிதழ் கட்டாயமா?

அமெரிக்காவில் சேவை நாயோடு (மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாய்) கடைக்குள் போக, பதிவுச் சான்றிதழ் காட்டியே ஆகவேண்டும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சுருக்கமாக ஏடிஏ) சான்றிதழும் கேட்பதில்லை, நாய்க்கு மேலங்கியும் கேட்பதில்லை. பார்த்ததும் சேவை நாய் என்று புரியாவிட்டால் கடை ஊழியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடல்நிலை அல்லது மனநிலைக் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? 'சர்க்கரை இறங்கினால் முன்னங்காலால் தட்டி எச்சரிக்கும்' என்று சொன்னால் போதும். செய்துகாட்டச் சொல்லக் கூடாது. இணையத்தில் காசுக்கு விற்கும் சான்றிதழ்கள் சட்டப்படி எதையும் நிரூபிப்பதில்லை. (விமானத்துக்கு விதி வேறு, அதை இதில் குழப்ப வேண்டாம்.) சந்தேகம் இருந்தால் அமெரிக்க அரசின் ஏடிஏ தளத்தில் சேவை விலங்குகள் பற்றிய கேள்வி-பதில் பக்கத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்கும்.