டீநாய்ஸ் ஸ்லைடரில் கை வைக்கும் முன்

நெகட்டிவ் ஸ்கேன் பண்ணி, 100 சதவீதத்தில் பெரிதாக்கி, மணல் மணலாகத் தெரிந்ததும் அந்த மணலைத் துடைக்கும் டீநாய்ஸ் ஸ்லைடரை இழுத்துவிடுகிறார்கள். கிரெய்னோடு (படத்தை உருவாக்கும் வெள்ளி அல்லது சாயத் துகள்கள்) தோலும் துணியும் சேர்ந்து வழித்தெடுக்கப்பட்டு, முகம் மெழுகுபொம்மை ஆகிவிடுகிறது. கண்ணை உறுத்துவதில் பெரும்பங்கு ஃபிலிமில் இருப்பதில்லை, ஸ்கேனில் நாம் சேர்த்ததுதான் என்பது என் கட்சி.

முதலில் அது கிரெய்ன்தானா? ஃபிரேமை அசைக்காமல் இரண்டு தடவை ஸ்கேன் செய்து, வானத்தில் ஒரே இடத்தை ஒப்பிடுங்கள். புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தால் கிரெய்ன். இடம் மாறினால் ஸ்கேனரின் சென்சார் நாய்ஸ், அதாவது மின்னணு இரைச்சல். நெகட்டிவில் வானம்தான் அடர்த்தியான பகுதி, வெளிச்சம் அவ்வளவாகக் கடக்காது, அதனால் நாய்ஸ் அங்கேதான் முதலில் தலைகாட்டும். ஒரே இடத்தை 4 முறை படித்துச் சராசரி எடுக்கும் மல்டி சாம்ப்ளிங் வைத்தால் அது ஏறக்குறைய பாதியாகும். கிரெய்ன் இம்மியும் குறையாது.

எப்சன் ஸ்கேன் மென்பொருளில் அன்ஷார்ப் மாஸ்க் (விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்) டிக்கை எடுத்துவிடுங்கள், அது கிரெய்னையும் கூர்மையாக்கும். ஷார்ப்பனிங் கடைசி வேலை.

கிரெய்ன் தெரியக்கூடாதென்று 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்வது தலைகீழ் வைத்தியம். பிக்சல் அளவும் கிரெய்ன் அளவும் நெருங்கினால் அலியாசிங் (நுண்விவரம் தப்பான வடிவமாகப் பதிவது) வந்து, கிரெய்னை இருப்பதைவிடப் பருமனாகக் காட்டும். 4000 டிபிஐ தரக்கூடிய ஃபிலிம் ஸ்கேனர் இருந்தால் 35 எம்எம் ஃபிரேமுக்குச் சுமார் 5670 × 3780 பிக்சல் கிடைக்கும். 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக எடுத்துப் பாதியாகச் சுருக்குங்கள். நாலு பிக்சல் ஒன்றாகும்போது கிரெய்ன் தானாக அடங்கும். சுருக்கும்போது ஃபோட்டோஷாப்பின் 'பைக்யூபிக் ஷார்ப்பர்' முறை வேண்டாம், அடங்கியதை மறுபடி எழுப்பிவிடும்.

கலர் நெகட்டிவில் வெளிச்சம் போதாத நிழலில் பெரிய, வேகமான (குறைந்த வெளிச்சத்துக்கே பதியும்) கிரெய்ன்கள் மட்டுமே பதிந்திருக்கும். வெளிச்ச அளவைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ லெவல்ஸ் அதைத்தான் தூக்கிக் காட்டுகிறது. முழுக் கருப்பு எதுவென்று சொல்லும் பிளாக் பாயிண்டைக் கையால் வைத்து, கருப்பைக் கருப்பாகவே விடுங்கள். அடுத்த ரோலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமைக் கேமராவில் 200 என்று வைத்து, அதாவது இருமடங்கு வெளிச்சம் கொடுத்து எடுத்தால் சாயத்திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வழவழப்பாக வரும். கறுப்பு வெள்ளையில் இது எடுபடாது: அடர்த்தி ஏறினால் கிரெய்னும் ஏறும்.

எச்பி5, டிரை-எக்ஸ் மாதிரி வெள்ளிப் படிவமுள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு டிஜிட்டல் ஐஸ் (அகச்சிவப்பால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி) போடவே கூடாது. வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும், மென்பொருள் படத்தையே தூசி என்று எண்ணி ஒட்டுப்போடும். (எக்ஸ்பி2 கறுப்பு வெள்ளையானாலும் கலர் நெகட்டிவ் முறையான சி-41இல் கழுவுவது, அதற்குப் போடலாம்.) கேமராவில் ஸ்கேன் செய்பவர்கள் எல்இடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே பால்நிற அக்ரிலிக் வையுங்கள். நேர்கோட்டில் வரும் வெளிச்சம் வெள்ளிக் கிரெய்னின் கான்ட்ராஸ்டை ஏற்றும், பரவிய வெளிச்சம் தணிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உறுத்தினால் டீநாய்ஸ் போடுங்கள், ஆனால் நிறப்புள்ளிகளுக்கு மட்டும். வெளிச்ச விவரத்தை மழுக்கும் லூமினன்ஸ் ஸ்லைடர் பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.