மைக்கைப் பிடிக்கிறவன் மட்டையும் பிடிச்சிருக்கணுமா?

அக்கா மகனுக்கு டிவியில் விளையாட்டு வர்ணனையாளர் ஆக ஆசை. போன ஞாயிறு ஒத்தக்கடையில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது பேச்சு இதில் வந்து நின்றது. "இவன் எந்த இந்தியா டீம்ல ஆடுனான், இவனைக் கூப்பிட?" என்று மச்சான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மச்சான் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017-ல் வந்ததிலிருந்து ஸ்ரீகாந்த், பத்ரிநாத், ஹேமங் பதானி, அபினவ் முகுந்த் என்று இந்தியாவுக்கு ஆடியவர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். ஆனால் ஹர்ஷா போக்ளே என்று ஒரு கிரிக்கெட் வர்ணனையாளர் இருக்கிறாரே! ஹைதராபாத்காரர், கெமிக்கல் இன்ஜினியரிங், அப்புறம் ஆமதாபாத் ஐஐஎம், அப்புறம் விளம்பரக் கம்பெனி வேலை. இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. 19 வயதில் ஆல் இந்தியா ரேடியோவில் பேச ஆரம்பித்தவரை, 1991-92-ல் நம் டீம் ஆஸ்திரேலியா போனபோது அங்குள்ள ஏபிசி வானொலியே கூப்பிட்டுக்கொண்டது. (அதே மனிதரை 2016 ஐபிஎல்-லில் சேர்க்கவில்லை, காரணத்தைத் தன்னிடம்கூடச் சொல்லவில்லை என்று அவரே எழுதினார். பென்ஷன் வருகிற வேலை இல்லை இது, அக்கா கவனிக்கவும்.)

அதைவிட எனக்குப் பிடித்தது, ஆடி முடித்து டிவி வர்ணனைக்கு வந்த ரிச்சி பெனோ கதை. ஆஸ்திரேலியாவுக்கே கேப்டனாக இருந்தவர், டெஸ்ட்டில் 200 விக்கெட்டும் 2000 ரன்னும் சேர்த்து எடுத்த முதல் ஆள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர், 1956-ல் இங்கிலாந்து டூர் முடிந்ததும் லண்டனிலேயே தங்கி பிபிசியில் டிவி வேலை படித்தார். சிட்னியில் ஒரு பத்திரிகைக்காகப் போலீஸ் செய்தி சேகரிக்க அலைந்தவரும் அவர்தான். ஆடியது மட்டும் போதும் என்று அவரே நினைக்கவில்லை. இன்றைக்கு நேற்று ஓய்வு பெற்றவரை இன்று மைக் முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள், பாதிப் பேர் "செம்ம ஷாட், செம்ம ஷாட்" என்பதோடு சரி.

படத்தில் தெரிவதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொள், இதுதான் பெனோவின் பாடம். நம்ம பையனுக்கு இடிப்பது இங்கேதான். அவன் மேலூர்ப் பக்கம் ராத்திரி கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடிப்பவன். அலங்காநல்லூரில் கேட்டிருப்பீர்கள், "மாடு யாரு மாடு, பிடிச்சுப் பாரு, ஒரு சைக்கிள், ஒரு வெள்ளிக்காசு, வாலைப் பிடிக்காதப்பா" என்று மூச்சு விடாமல் ஓடும். அங்கே அது தேவை, பின்னால் நிற்கிறவனுக்கு வாடிவாசலே தெரியாது. டிவி பார்க்கிறவனுக்கு எல்லாமே தெரிகிறது. முப்பது செகண்ட் ரெய்டில் அவன் கண்ணுக்குத் தப்புவது, மூலையில் நிற்பவன் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான். அதைச் சொன்னால் போதும்.

மச்சானிடம் இவ்வளவும் சொன்னேன். "சரி, சம்பளம் எவ்வளவு வரும்?" என்றார்.

பையனிடம் வேறு சொன்னேன். சனிக்கிழமை போட்டியை போனில் ரெக்கார்ட் பண்ணு, "அருமையான ரெய்டு" என்று எத்தனை தடவை சொல்கிறாய் என்று நீயே எண்ணிப் பார். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "மாமா, அம்பதுக்கு மேல எண்ண முடியல."