கண்டலம ஹோட்டலும் எங்கள் ஊர்த் துறையும்

போன மாதம் எங்கள் ஊரில் வாவித் துறைக்கு இறங்கும் வழியை மறித்துக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். உள்ளே ஒரு சொகுசு விடுதி வரப்போகிறது. அதைப் பற்றி இங்கே நான் நாலு வரி எழுதியதும், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் தொடங்கி என்னிடம் படித்த பிள்ளைகள் வரை ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மட்டக்களப்புக்கு ஒரு நல்ல ஹோட்டல் வந்தால் உங்களுக்கு என்ன, மிஸ்? பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" ஒருவர் கண்டலம ஹோட்டலின் படத்தை அனுப்பி, "இப்படி ஒன்று வரட்டுமே" என்று எழுதியிருந்தார்.

வரட்டும். அப்படி ஒன்று வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். ஆனால் கண்டலமவை உதாரணம் காட்டுகிறவர்கள் அதன் கதையை முழுவதும் சொல்ல வேண்டும்.

தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலம குளத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் இருக்கிறது அந்த விடுதி. 152 அறைகள். ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளம். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கு முதலில் காட்டப்பட்ட இடம் சிகிரியாப் பாறைக்கோட்டையின் அடிவாரம். அங்கே கட்ட அவருக்கு மனம் வரவில்லை. தள்ளி வந்து, குளத்துக்கு அப்பால் சிகிரியா தூரத்தில் தெரியும் இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். 1994இல் விடுதி திறந்தது.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனபோது முன்கூட்டியே அனுமதி கேட்டு ஒரு மணிநேரம் அதைச் சுற்றிப் பார்த்தோம். நுழைந்ததும் மலைப்பாறை கட்டடத்துக்குள்ளே வந்து நிற்கிறது. பாறையை உடைக்காமல் அதன் ஓரமாகவே நடைபாதையை வளைத்திருக்கிறார்கள். ஒரு மாணவி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், ஈரமாக இருக்கிறது" என்றாள். படிக்கட்டின் மேலே சிற்பி லக்கி சேனநாயக்க செய்த பெரிய ஆந்தை சிறகை விரித்து நிற்கிறது. கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கி வைத்திருப்பதால் மலையிலிருந்து வரும் மழைநீர் அடியால் ஓடிப் போகிறது. திரும்பும் வழியில் குளக்கட்டில் பஸ்ஸை நிறுத்தினோம். அங்கே ஒரு தாய் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இரண்டு சிறுவர்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து விடுதியைத் தேடினோம். கொடி படர்ந்து பச்சையாகிவிட்டதால், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. இவ்வளவு பெரிய கட்டடம் குளிக்க வந்தவர்களின் கண்ணை உறுத்தாமல் இருக்கிறதே என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆனால் 1992இல் அந்த ஊர் அதை வரவேற்கவில்லை. பிக்குமார் முன்னின்றார்கள், சுற்றாடல் அமைப்புகள் சேர்ந்தன, கிராமத்து மக்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களுடைய பயம் மிக நேரானது. விடுதி குளத்துக்கு மேலே இருக்கிறது. மேலே இருப்பவன் விடும் கழிவு கீழேதான் வரும். அந்தத் தண்ணீரில் குளிக்கிறோம், அதை வயலுக்குப் பாய்ச்சுகிறோம் என்றார்கள். தம்புள்ளைக் குகை விகாரை பக்கத்திலேயே இருக்க இப்படியொரு இடம் வந்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்றும் கேட்டார்கள். இன்றைக்குப் போலவே அன்றைக்கும் அவர்களை "அபிவிருத்திக்கு எதிரிகள்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

விடுதி கட்டப்பட்டுவிட்டது. அந்த அளவில் மக்கள் தோற்றார்கள். ஆனால் இன்று அந்த விடுதி தனக்கு வேண்டிய தண்ணீரைக் குளத்திலிருந்து எடுப்பதில்லை, ஆழ்கிணறுகளிலிருந்து எடுக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. பிற்பாடு அமெரிக்கப் பசுமைக் கட்டட அமைப்பின் லீட் சான்றிதழையும் வாங்கியது, உலகத்திலேயே அதை ஆரம்பத்தில் வாங்கிய விடுதிகளில் ஒன்று. பாவாவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு ஊரே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமா? கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி ஒரு நாளும் ஓயவில்லை. பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலையில் கட்டியதால்தான் அது அவ்வளவு நன்றாக வந்தது என்று நான் நம்புகிறேன்.

எங்களுக்கு வழிகாட்டிய இளைஞன் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேட்டேன். தயங்காமல் சொன்னான்: "என் தாத்தா ஊர்வலத்தில் போனவர், மிஸ். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கோபப்படவில்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீரின் நிறம் மாறினால் முதலில் என்னிடம்தான் கேட்பார்." அவன் அதைப் பெருமையோடு சொன்னான். வேலையும் வேண்டும், கேள்வி கேட்கும் உரிமையும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

அந்த விடுதியிலிருந்து பார்க்கும் சிகிரியாவுக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கோட்டையைக் கட்டிய அரசன் காசியப்பன், தந்தை தாதுசேனனைப் பிடித்துவைத்துச் செல்வம் எங்கே என்று கேட்டான். தாதுசேனன் தான் கட்டிய கலாவாவிக்குப் போய், தண்ணீரைக் கையில் அள்ளி, என்னிடம் உள்ள செல்வம் இதுதான் என்றான் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டுக் கதை. பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லும்போது என் தொண்டை அடைக்கும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், அடுத்து வந்த கொரோனா காலத்திலும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் நாடு முழுவதும் விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. வேலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்போது எங்கள் ஊரில் அடுப்பு எரிந்தது வாவியில் கிடைத்த மீனாலும் இறாலாலும்தான். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

இனி எங்கள் துறைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருக்கிறார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்து, உமலில் (ஓலைப் பையில்) போட்டுக்கொண்டு வந்து விற்பவர். வேலி போட்ட மறுநாள் காலை அவர் உமலும் கையுமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் நீளத்துக்கு நடந்துகொண்டிருந்தார், எங்காவது இடைவெளி இருக்குமா என்று. "பிள்ளை, இது வழி. என்னைக் கலியாணம் முடித்துக் கொண்டுவந்த நாளிலிருந்து இது வழி" என்றார். இப்போது தென்னந்தோட்டத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து இறங்குகிறார். காவலுக்கு நிற்பவர்களிடம் கேட்டால் மேலிடத்து உத்தரவு என்கிறார்கள். மேலிடம் யார் என்று தெரியவில்லை.

தொண்ணூற்றொன்பது அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 1993ஆம் ஆண்டு வர்த்தமானி சொல்கிறது. எங்கள் ஊரில் வரப்போவது அதைவிடச் சிறியதாம், அதனால் ஒன்றும் தேவையில்லை என்கிறார்கள். சட்டம் அறையை எண்ணுகிறது. துறைக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று யார் எண்ணுவது? கழிவுநீர்த் தொட்டி எங்கே, நிரம்பினால் எங்கே போகும், மாரியில் வாவி பெருகும்போது என்ன நடக்கும் என்று கேட்டதற்கு இன்றுவரை எழுத்தில் பதில் இல்லை.

விடுதியை நிறுத்துங்கள் என்று நாங்கள் எழுதவில்லை. தோணியும் மாட்டு வண்டியும் போன வழியை அதே அகலத்தில் திறந்துவிட வேண்டும். கழிவுநீர்த் திட்டத்தைத் தமிழில் எழுதி மீனவர் சங்கத்தில் ஒட்ட வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதம் வாசிகசாலையில் இருக்கிறது. ஊரில் உள்ளவர்கள் ஞாயிறு மாலைக்கு முன் வந்து கையெழுத்திடுங்கள். பெரியம்மா முதல் ஆளாக வந்து போட்டுவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய அல்பங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கலியாணத்துக்கோ தீர்த்தத்துக்கோ துறையில் நின்று எடுத்த படம் ஏதாவது இருக்கும். வழியும் கரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இருந்தால், எந்த ஆண்டு என்று எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். கடிதத்தோடு இணைக்க வேண்டும்.