வாத்தியம் வந்ததும் பாட்டை அணைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்கும் கூடுகையில் நடந்ததைப் பற்றி இரண்டு நாளாக எதுவும் எழுதாமல் இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களும் அதற்குள் அந்த வீடியோத் துண்டையும் அதன் கீழே குவிந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்திருப்பீர்கள். ஹாலிவுட்டின் நடனக்காரரும் நடிகருமான ஃபிரெட் அஸ்டேர் 1952-இல் பதிவு செய்த 'சீக் டு சீக்' ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாடி முடித்து வாத்தியங்கள் தனியாக எடுத்த நொடியில், "இனிமே பாட்டு இல்ல" என்று அணைத்துவிட்டார்கள். கூடவே தீர்ப்பும் வந்தது: "ஆடி ஓய்ஞ்ச நடிகர். வயசான காலத்துல பழைய சினிமாப் பாட்டை மறுபடி பாடிப் பார்த்திருக்கார். தாளத்துக்குப் பின்னாலயே ஓடுறார்."

பின்வரிசையில் மிருதங்கம் கற்கும் பையன் ஒருவன் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். பாட்டு நின்றதும் அவன் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. தாளம் எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் "ஆடி ஓய்ஞ்ச நடிகர்" என்பதை எடுத்துக்கொள்வோம். அஸ்டேர் பிறந்தது 1899 மே மாதம். இந்தப் பதிவு 1952 டிசம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸில். அப்போது அவருக்கு 53 வயது. அவர் நடித்த 'தி பேண்ட் வேகன்' படம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. 'ஃபன்னி ஃபேஸ்', 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' இரண்டும் 1957. ஓய்ந்த மனிதரா இவர்? 1975-இல் லண்டனில் அவர் பாடிப் பதிவானவை வேறு, அப்போது வயது 76. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்து "பழைய சினிமாப் பாட்டை மறுபடி பாடினார்" என்பது. இல்லை. இல்லவே இல்லை. 1935-இல் 'டாப் ஹாட்' படம் வந்த காலத்தில் இதே பாட்டை லியோ ரைஸ்மன் வாத்தியக் குழுவோடு பிரன்ஸ்விக் நிறுவனத் தட்டுக்காகப் பாடினார். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டு, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். எழுதி வைத்த இசைக்கோர்வை, அதற்குள் பாடகருக்கு அளந்து விட்ட இடம். 1952-இல் 'தி அஸ்டேர் ஸ்டோரி' தொகுப்புக்காக ஜாஸ் இசைத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது ஆறே வாத்தியக்காரர்கள் நடுவில். பியானோ ஆஸ்கர் பீட்டர்சன், கிட்டார் பார்னி கெசல், பாஸ் ரே பிரவுன், டிரம்ஸ் ஆல்வின் ஸ்டாலர், டிரம்பெட் சார்லி ஷேவர்ஸ், டெனர் சாக்ஸ் ஃபிளிப் ஃபிலிப்ஸ். வயலின் கூட்டம் கிடையாது. குரல் கொஞ்சம் சறுக்கினாலும் போர்த்தி மறைக்கப் பின்னால் யாரும் கிடையாது. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்துவிட்டதால் மூன்று நிமிடக் கெடுவும் இல்லை. அதனால்தான் பாடி முடிந்தபின் பியானோவும் டிரம்பெட்டும் சாக்ஸும் பாட்டைத் தங்கள் கையில் எடுத்து விரிக்க இடம் கிடைத்தது. நீங்கள் அணைத்தது அந்த இடத்தைத்தான். அந்தப் பகுதிக்காகவே செய்த பதிவு அது.

'சீக் டு சீக்' லேசான பாட்டும் இல்லை. அன்றைய பாட்டுகள் பெரும்பாலும் 32 பார், பார் என்றால் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளக் கட்டு. இர்விங் பெர்லின் இதை 72 பாராக எழுதினார். பதினாறு பதினாறாக இரண்டு முறை முதல் மெட்டு, பிறகு எட்டு எட்டாக இரண்டு முறை வேறொரு மெட்டு, அதன்பின் சட்டென்று மைனருக்கு, அதாவது சற்றுச் சோகச் சாயலுக்கு, இறங்கும் இன்னொரு எட்டு, கடைசியில் மீண்டும் முதல் மெட்டுப் பதினாறு. தனியாக வாசிக்கிறவர் இந்த 72-ஐயும் மனதில் ஓட்டிக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். ஒரு எட்டு தவறினால் எல்லோரும் கவிழ்வார்கள். இதைத்தான் "பாட்டு இல்ல" என்றார்கள்.

இப்போது "தாளத்துக்குப் பின்னால ஓடுறார்." எனக்கு அதிகம் வலித்தது இதுதான். அன்றைக்கு ஒலித்தது கையகல ப்ளூடூத் ஸ்பீக்கரில். ரே பிரவுனின் பாஸில் நான்கு வெறும் தந்திகளும் 41 முதல் 98 ஹெர்ட்ஸுக்குள். அந்த அளவு ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் கரைந்துவிடும். இந்தப் பதிவில் தாளத்தைத் தாங்கி நிற்பது பாஸ். அதை எடுத்துவிட்டால் குரல் எதை வைத்து விளையாடுகிறது என்பது காதுக்கே வராது. அப்போது வேண்டுமென்றே தள்ளிப் போட்ட சொல் பிசகிய சொல்லாகத்தான் கேட்கும். கச்சேரி கேட்கிற நமக்கு எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில்தான் (தாளச் சுற்றின் முதல் அடியில்தான்) விழ வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? சமம் தாண்டி எடுத்தால் அனாகதம் என்று தலையாட்டுகிறோம். அஸ்டேர் ஒரு வரியைத் தாமதமாக எடுத்து, நடுவில் சொற்களை நெருக்கி, வரியின் கடைசியில் பாஸோடு சேர்ந்து இறங்குகிறார். சேர்கிறாரா இல்லையா என்பதைக் கேளுங்கள், அது போதும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் அதே தொகுப்பில் 'ஃபாசினேட்டிங் ரிதம்' இருக்கிறது. கெர்ஷ்வின் சகோதரர்கள் 1924-இல் எழுதியது. ஒரு பாரை அரை அரையாக எண்ணினால் எட்டு எண்ணிக்கை, மெட்டின் துண்டு ஏழு. ஆறு சுரம், ஒரு விடுதல். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் துண்டு ஓர் எண்ணிக்கை முன்னால் நகர்ந்து விழும். ஆதி தாளத்தில் ஏழு எண்ணிக்கைச் சொற்கட்டு போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தாளத்தைத் துரத்துகிற ஆள் இதை முதல் சுற்றிலேயே கோட்டை விட்டிருப்பார்.

"குரல் வளமே இல்லையே, சினாட்ரா எங்கே, இவர் எங்கே" என்பீர்கள். சரி, வளம் குறைவுதான். மெல்லிய குரல், நீளமாகத் தாங்கும் சுரம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெர்லினும் கெர்னும் கோல் போர்ட்டரும் கெர்ஷ்வினும் தங்கள் நல்ல பாட்டுகள் பலவற்றை இந்தக் குரலை நினைத்துத்தான் எழுதினார்கள். மெட்டைக் கெடுக்காமல், சொல்லை முழுங்காமல் பாடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைவிட நமக்குக் காது கூர்மையா?

"நட்சத்திரம் என்பதால் விற்ற சரக்கு" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இந்தத் தொகுப்பு நான்கு தட்டுப் பெட்டி. ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் வரைந்த படங்கள், அஸ்டேர் கையெழுத்து, குறைந்த எண்ணிக்கைப் பிரதிகள். காசு பார்க்க நினைப்பவர் செய்யும் வேலையா இது? நான்கு ஆண்டு கழித்து, 1956-இல், இதே கிரான்ஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை வைத்துக் கோல் போர்ட்டர் பாட்டுகளின் தொகுப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு எல்லாவும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்த தட்டில் 'சீக் டு சீக்' மறுபடி வந்தது. பியானோவில் அதே பீட்டர்சன், பாஸில் அதே பிரவுன். அதைக் கேட்டு உருகுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு இது தாங்கவில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆடுகிறவருக்கு இசை தெரியாது என்கிற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. கால் வேலை செய்தால் காது வேலை செய்யாது என்று நினைக்கிறோம். இந்தப் பெட்டியில் அஸ்டேர் பாடாமல் வெறுமனே ஆடும் பதிவுகள் உண்டு, மெது, நடுத்தரம், வேகம் என்று. பார்க்க ஒன்றுமில்லை. லாடம் அடித்த செருப்பு மரப்பலகையில் விழும் சத்தமும் பக்கத்தில் வாத்தியங்களும் மட்டும். முன்னங்கால் லாடத்துக்கு ஒரு சத்தம், குதிகாலுக்குக் கொஞ்சம் கனத்த சத்தம். பலகையில் இழுத்துத் தேய்க்கும்போது ஸ்டாலரின் பிரஷ் டிரம் தோலில் உரசுவதுபோல் இருக்கும். கால் இங்கே ஏழாவது வாத்தியம். படத்தில் அவர் கையும் கோட்டு வாலும் கண்ணை இழுத்துக்கொள்ளும், இங்கே தப்பிக்க வழியே இல்லாமல் காலப்பிரமாணம் மட்டும் எதிரில் நிற்கிறது. அந்த அறையில் பீட்டர்சனுக்கு 27 வயது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பிரிந்து உட்காரும் அரங்குகளில் கச்சேரி வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர் கிரான்ஸ். ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரம் அவருடைய வாத்தியக்காரர்களிடம் வந்து, அவர்களில் ஒருவராக நின்றுகொண்டார். அதைப் பாதியில் வெட்டிச் சிரித்துவிட்டோம்.

கேட்க நினைப்பவர்களுக்கு நான்கு விஷயம். பதிவு மோனோ, அதாவது ஒரே தடத்தில் வரும் சத்தம், அதனால் சரவுண்டு, 3டி போன்ற எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை குரலைப் பரப்பி மங்கலாக்கும். இரைச்சல் நீக்கிய பிரதி வேண்டாம், இரைச்சலோடு பிரஷ் சத்தமும் போய்விடும். பாஸ் கேட்கும் ஹெட்ஃபோனோ பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். முதல் தடவை பாட்டை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாவது தடவை குரலுக்கு வாருங்கள்.

கூடுகையை நடத்தும் அண்ணனிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் என் வீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் ஆட்டோவில் எடுத்து வருகிறேன். 'சீக் டு சீக்' முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓடும். அந்த மிருதங்கப் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன், முன்வரிசைக்கு.