ஈழப்போர் நூல்களில் நான் முதலில் தேடும் பக்கம்

ஈழப்போர் பற்றி எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முன்னுரையை நான் அப்புறம்தான் படிப்பேன். முதலில் 1990 அக்டோபரைத் தேடிப் போவேன். வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய மாதம் அது. எழுதியவர் அதற்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார், செய்தவர்களின் பெயரைச் சொல்கிறாரா, இல்லை "துயரமான சம்பவம்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறாரா என்று பார்ப்பேன். மிச்சமுள்ள பக்கங்களை எவ்வளவு தூரம் நம்பிப் படிக்கலாம் என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

இது தமிழர்கள் எழுதிய நூல்களுக்கு நான் வைத்திருக்கும் பரீட்சை. இலங்கை ராணுவத் தரப்பு நூல் என்றால் போரின் கடைசி மாதங்களான 2009 ஜனவரி முதல் மே வரை. இந்திய அதிகாரிகள் எழுதியது என்றால், இந்தியப் படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த 1987 அக்டோபர் 21. எதிரி செய்த கொடுமையை நாள், இடம், பெயர், எண்ணிக்கையோடு எழுத எல்லாத் தரப்புக்கும் தெரியும். அதே துல்லியம் தன் ஆட்கள் செய்ததை எழுதும்போது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

1990 அக்டோபரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்படாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் சில வாரங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அது அக்டோபர் 30 அன்று நடந்தது. முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருப் பக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்களிடம் 2 மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டது. வழியில் சோதனை. நகையும் பணமும் வாங்கி வைத்துக்கொள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, தமிழில் படித்து, தமிழில் கடை நடத்திய மக்கள் உடுத்திய துணியோடு புத்தளம் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த முகாம்களிலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தும் விட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகள் தரப்பே இதற்கு வருத்தம் தெரிவித்தது. செய்தவர்களே ஒப்புக்கொண்ட ஒன்றை, அவர்களை ஆதரித்து எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு வரியில் கடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பரீட்சையில் தேறுகிற நூல்கள் இல்லாமல் இல்லை. இந்தப் போர் பற்றி ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் 'முறிந்த பனை'யைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நான்கு ஆசிரியர்கள், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. சிறிதரன், ராஜினி திராணகம, ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரிலேயே இருந்து எழுதியது. ஆங்கிலத்தில் 1990-இல் வெளிவந்தது, பிறகு தமிழிலும் வந்தது. இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் என யாரையும் அது விட்டுவைக்கவில்லை. இந்திய ராணுவத்தினரால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நேரில் பேசி எழுதியவர் ராஜினி. யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 35 வயது. கொன்றது புலிகள்தான் என்பது உடன் எழுதியவர்களின் உறுதியான கருத்து. நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்த நூலின் பக்கங்களில் கோபம் இருக்கிறது. ஆனால் கோபம் எங்கேயும் தகவலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில், இந்த நேரத்தில், இன்னார் இப்படிச் செத்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளும் ஊழியர்களுமாக 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். மறுநாள் காலை, குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாதியருடன் கைகளை உயர்த்திக்கொண்டு, சரணடைகிறோம் என்று சொல்லியபடி வந்தார். அவரையும் சுட்டார்கள். அமைதிப்படை என்ற பெயரில் போன அந்த இந்தியப் படையின் தளபதிகள் சிலர் தங்கள் அனுபவத்தை நூலாக எழுதியிருக்கிறார்கள். டெல்லியின் குழப்பம், தூதரகத்தின் தலையீடு, தங்கள் வீரர்கள் சுமார் 1,200 பேர் இறந்தது, எல்லாம் வாசிக்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்ததற்கு அந்த நூல்களில் எவ்வளவு இடம் என்று நீங்களே எடுத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களாகிய நமக்கும் இதில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2009-க்குப் பிறகு சென்னைப் புத்தகக் காட்சியில் ஈழ நூல்கள் அரங்கு அரங்காகக் குவிந்தன. அட்டையில் ரத்தச் சிவப்பு, முள்கம்பி, அழும் குழந்தை. முள்ளிவாய்க்காலின் கடைசி மாதங்களை நாம் திரும்பத் திரும்ப வாசித்தோம், வாசிக்கவும் வேண்டும். ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கம் புளொட் என்ற ஈழப் போராளி இயக்கம் முகாம் நடத்தி, கேள்வி கேட்ட சொந்தப் பையன்களையே சித்திரவதை செய்து கொன்றது நம் மண்ணில் நடந்தது. அதை அந்த இயக்கத்திலிருந்து தப்பி வந்தவரே 'புதியதோர் உலகம்' என்ற நாவலாக 1985-இலேயே, கோவிந்தன் என்ற பெயரில் எழுதிவிட்டார். அடுத்த வருடம், 1986-இல், இன்னொரு போராளி இயக்கமான டெலோவைப் புலிகள் தெருத்தெருவாக வேட்டையாடினார்கள். சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' 2003-இல் வந்தது. எழுபதுகளின் இளைஞர் பேரவையிலிருந்து தொடங்கி, உள்ளே இருந்த ஒருவர் சொல்லும் கதை. இவற்றைப் படிக்காமல் முள்ளிவாய்க்காலை மட்டும் படிப்பவருக்கு அந்த மக்கள் ஏன் அங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பதில் பாதிதான் புரியும்.

சரி, ராணுவத் தரப்பு. 53-ஆவது டிவிஷனின் தளபதியாக இருந்த கமல் குணரத்ன 2016-இல் 'ரோட் டு நந்திக்கடல்' என்று ஒரு பெரிய நூல் எழுதினார். போர்க்கள நகர்வுகளைத் தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம். ஆனால் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர் நடந்துகொண்டிருந்தபோது, வடக்கில் புலிகள் வசமிருந்த வன்னிப் பகுதிக்குள் இருக்கும் பொதுமக்கள் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. உணவும் மருந்தும் அந்தக் கணக்கில்தான் போயின. போர் முடிந்ததும் முகாம்களுக்கு வந்தவர்கள் 2,80,000-க்கும் மேல். இந்த இடைவெளியைப் பற்றிப் பேசாத எந்தப் போர்க்கதையையும் வரலாறு என்று நான் ஏற்க மாட்டேன். அப்போது கொழும்பில் ஐநாவின் பேச்சாளராக இருந்த கோர்டன் வைஸ் எழுதிய 'தி கேஜ்' 2011-இல் வந்தது. வாகனத் தொடரோடு வன்னிக்குள் போய்ச் சிக்கிக்கொண்ட ஐநா ஊழியர்கள், சுதந்திரபுரத்தில் தாங்கள் இருக்கும் இடத்தை ராணுவத்துக்குத் தெரிவித்திருந்தார்கள். அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பகுதி அது. அப்படியும் அங்கே எறிகணை விழுந்தது. 2011-இல் ஐநா நிபுணர் குழு கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இன்றுவரை முழுமையாக இல்லை.

இந்த இடத்தில் நண்பர்கள் கோபப்படுவார்கள் என்று தெரியும். அரசையும் புலிகளையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்பார்கள். வைக்கவில்லை. விமானமும் பீரங்கியும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் கையில் வைத்திருந்த ஓர் அரசு தன் குடிமக்கள் மேல் குண்டு போட்டதற்கு ஈடாக எதையும் நான் சொல்லவில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததும், 1983-இல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர்களைத் தாக்க வீடு வீடாகப் போனதும் எங்கிருந்து தொடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பது நூலின் நம்பகத்தன்மையைப் பற்றி. புலிகள் சிறுவர்களைப் பிடித்துப் போனதையும் தப்பி ஓடிய மக்களைச் சுட்டதையும் எழுதிய அதே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனித உரிமை ஆசிரியர்கள், மருத்துவமனைகள் மீது ராணுவம் ஷெல் அடித்ததையும் எழுதும்போது அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் தரப்புக் குற்றத்தை மறைக்கிற ஒவ்வொரு நூலும் ராணுவத்துக்கு எதிரான சாட்சியத்தைப் பலவீனமாக்குகிறது. மறைக்கிறவர்கள் இதை ஏன் யோசிப்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' வந்தபோதும் இதேதான் நடந்தது. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், சிறையும் புனர்வாழ்வு முகாமும் பார்த்தவர், 2015-இல் புற்றுநோயில் இறந்தார். நூல் 2016-இல் வெளியானது. உடனே இதை அவர் எழுதவே இல்லை, யாரோ திருத்திவிட்டார்கள் என்று சண்டை தொடங்கியது. கையெழுத்துப் படியைப் பற்றிக் கேள்வி கேட்பது நியாயம்தான். ஆனால் இயக்கத்தைப் புகழும் நூல் வந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு குறை, சின்னதாகத் தோன்றினாலும் எனக்குப் பெரிது. தமிழில் வரும் போர் நினைவுக் குறிப்புகள் பலவற்றில் கடைசியில் பெயரடைவு இருப்பதில்லை. "அன்று மாலை", "அந்தச் சண்டைக்குப் பிறகு" என்றே போகும், தேதி இருக்காது. இயக்கப் பெயர் மட்டும் இருக்கும், ஆள் யார் என்று தெரியாது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட வேண்டுமென்றால் முழு நூலையும் பென்சிலோடு உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. பதிப்பாளர்கள் மனது வைத்தால் நான்கைந்து பக்கத்தில் தீர்த்துவிடக்கூடிய வேலை. காணாமல் போன மகனின் பெயர் ஏதாவது புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடும் தாய்மார்கள் கிளிநொச்சியில் 2017 முதல் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது செய்யலாம்.

வடக்கு முஸ்லிம்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதிய தமிழ் நூல்கள்தான் இப்போது என் தேடல். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ்.எச். ஹஸ்புல்லா ஆங்கிலத்தில் எழுதியது இருக்கிறது. அவரும் 2018-இல் காலமாகிவிட்டார். தமிழில் பள்ளிவாசல் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், சொந்தச் செலவில் அடித்த சின்னப் புத்தகங்கள் என்று சிதறிக் கிடக்கின்றன. புத்தளத்திலோ யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ உங்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், நகலெடுத்து, ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' இணையத் தளத்தினரிடம் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் தலைப்பையும் ஆண்டையும் மட்டுமாவது எனக்கு எழுதுங்கள், நான் தேடிக்கொள்கிறேன்.