பதினாலு பேர் கணக்கு

கொழும்புல கிராண்ட்பாஸ், பஞ்சிகாவத்தை பக்கம் லேத் கடை, வெல்டிங் கடை வச்சிருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு நம்பர் மேல அப்படி ஒரு பக்தி. பதினாலு. எத்தனை பேர் வேலைக்கு நிக்கிறாங்க எண்டு யார் கேட்டாலும் யோசிக்காம வாற பதில் "பதினாலு பேர்தான்". உள்ளுக்குப் போய் தலையை எண்ணினா இருபதுக்குக் குறையாது. மிச்சப் பேர் மச்சான்ட பேர்ல இருக்கிற கம்பெனி, இல்லாட்டி "கேஷுவல்", இல்லாட்டி "கொன்ட்ராக்ட்ல வந்த பெடியன்".

ஏன் பதினாலு எண்டு தெரியாதவங்களுக்கு: வேலையை விட்டுப் போறவருக்கு சேவைக்காலத்துக்குக் குடுக்கிற காசு, அதான் பணிக்கொடை, அதுக்கான 1983ஆம் ஆண்டு சட்டம் 15 பேர்ல இருந்துதான் பிடிக்கும், ஆளை வேலையால நிப்பாட்டுறதுக்கு தொழில் ஆணையாளர்ட அனுமதி எடுக்கச் சொல்லுற 1971 சட்டமும் அப்படித்தான், 2021ல வந்த 60 வயசு ஓய்வுச் சட்டமும் அப்படித்தான். அதால 14ல நிண்டா தப்பிச்சம் எண்டு ஒரு நம்பிக்கை. எங்க அப்பா காலத்துல கணக்கு எழுதினவர் சொல்லிக் குடுத்த பாடம் இது, நானும் வருசக்கணக்கா வேதவாக்கு மாதிரி பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கட மூத்த லேத்காரர், ஹட்டன் பக்கத்து ஆள், நான் ஸ்கூல் போற காலத்துல இருந்து தெரியும், அவரை நான் அண்ணே எண்டுதான் கூப்பிடுவன், ஒருநாள் பின்னேரம் கை கழுவிட்டு வந்து "தம்பி, கண்ணு முன்ன மாதிரி இல்ல, அளவு பார்க்க ஏலாம இருக்கு, ஊருக்குப் போறேன், எனக்கு எவ்வளவு வரும்?" எண்டு கேட்டார். 19 வருசம். நான் பட்டுனு வாயில வந்ததைச் சொன்னன், "நாங்க 15 பேர் இல்லயே அண்ணே". அவர் ஒண்டும் சொல்லல்ல. தலையை ஆட்டிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ராத்திரி ஏதோ மனசுக்குச் சரியில்லாம எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தருக்கு கோல் பண்ணினன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசி 12 மாசத்துல ஏதாவது ஒரு நாள் 15 பேர் நிண்டாங்களா?" சராசரி இல்லையாம், ஒரே ஒரு நாள் போதுமாம். அந்த வருசம் ஹார்பர்ல ஒரு கப்பல் ரிப்பேர் வேலைக்கு பீஸ் அடிக்க மூணு கிழமைக்கு நாலு பேரை எடுத்தது ஞாபகம் வந்துச்சு. 14ம் 4ம் 18. முடிஞ்சு. சரி, அந்த நாலு பேர் இல்லாட்டி? "அப்பவும் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குக் கீழ தொழில் நியாய சபைக்குப் போய் பணிக்கொடை கேக்கலாம்" எண்டார். அப்ப நாங்க இவ்வளவு காலம் பதினாலு பதினாலு எண்டு ஓதினது எதுக்கு?

கணக்கும் போட்டுக் காட்டினார். மாசச் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், நாள் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம் (பாருங்க, இங்கயும் 14). 19 வருசத்துக்கு 266 நாள். அவருக்கு கடைசியா நாளைக்கு 2,800 ரூபா, அப்ப 7,44,800. 30 நாளுக்குள்ள குடுக்கோணும், பிந்தினா நூத்துக்கு 10ல தொடங்கி 30 வரை மேலதிகம். ரெண்டு தவணையா குடுத்தன், ரெண்டாவது கொஞ்சம் பிந்தித்தான் போச்சு, அதை மறைக்கிறதுக்கு ஒண்டுமில்ல. வருசா வருசம் எடுத்து வச்சிருந்தா தெரிஞ்சிருக்காது, ஒரேயடியா எண்டபடியா லொறியை வித்தன்.

இப்ப எல்லாரும் அழுறது குறைஞ்சபட்ச சம்பளத்துக்கு. 2025 ஏப்ரல்ல மாசம் 27,000, 2026 ஜனவரில இருந்து 30,000, நாளைக்கு 1,200. உண்மையச் சொன்னா 30,000க்கு ஒரு வெல்டர் கொழும்புல வருவானா? ஹெல்பர்கூட வரமாட்டான். நாங்க குடுக்கிறது அதைவிடக் கூட. பிறகு ஏன் அழுறம்? பேசிக்கை 17,500ல வச்சுட்டு மிச்சத்தை அட்டெண்டன்ஸ், ட்ராவலிங், சாப்பாடு, அது இது எண்டு பிரிச்சுப் போட்டிருந்தம், இப்ப பேசிக் ஏறினா ஒன்றரை மடங்கு ஓடியும் (ஓவர்டைம் காசும்) சேர்ந்து ஏறுது. கையில போற காசு கூடாதாம், ஆனா கணக்கு கூடுதாம். இதுல இன்னொரு வேடிக்கை, சாப்பாட்டுக் காசு, வாழ்க்கைச் செலவுப் படி எல்லாத்துக்கும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டத்தான் வேணும், சட்டத்துல விட்டிருக்கிறது ஓடியை. இந்தப் பேர்கள்ல போட்டு மிச்சம் பிடிச்சம் எண்டு நினைச்சது நிலுவைதான். அடுத்த மாசக் கடைசி வேலை நாளைத் தாண்டினா நூத்துக்கு 5, ஒரு வருசம் தாண்டினா 50.

ஒரு பக்கம் எனக்கும் கோவம் இருக்கு. சின்னக் கடைக்காரனுக்கு சம்பள நிர்ணய சபை ஒரு பக்கம், தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்துக்கு வேற ஃபோம். எல்லாத்தையும் ஒரே சட்டமாக்கப் போறம் எண்டு 2023ல ஒரு சத்தம் வந்துச்சு, தொழிற்சங்கம் எல்லாம் ரோட்டுக்கு இறங்கினதோட அது அப்படியே. இதெல்லாம் எனக்கு விளங்குற தமிழ்ல ஒருத்தராவது சொல்லியிருந்தா லொறி இன்னும் வாசல்ல நிண்டிருக்கும்.

ஆனா விபத்து விசயத்துல மட்டும் நான் வாய் திறக்க மாட்டன். 2022ல திருத்தின நட்டஈட்டுச் சட்டத்துல உச்சம் 20 லட்சம், வேலைக்கு வாற போற வழியில அடிபட்டாலும் உள்ள வரும். கிரைண்டர் கல்லு உடைஞ்சு ஒரு பெடியன்ட தாடை கிழிஞ்சதை நேர்ல பார்த்தவன் நான். கார்ட் இல்லாத கிரைண்டர். 1942ல இருந்து சட்டத்துல எழுதிக் கிடக்கு மெஷினுக்கு மறைப்புப் போடு எண்டு, நாங்க அதைக் கழட்டி அலுமாரிக்கு மேல வச்சிருந்தம், வேலைக்கு இடைஞ்சலாம்.

இப்ப ரெஜிஸ்டர்ல 17 பேர். அண்ணேக்கு போன வாரம் கோல் எடுத்தன், கண் ஒபரேஷன் முடிஞ்சுதாம். "இப்ப அளவு தெரியுது தம்பி, ஆள் வேணும்னா சொல்லுங்க, மகன அனுப்புறேன்" எண்டார். 18.