பத்துக்கு நான்கு

நாங்கள் வீடு வாங்கிய செய்தியைச் சொன்னதும், இங்கே பழக்கமான ஒரு அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" எத்தனை அறை என்றுகூடக் கேட்கவில்லை. பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் ஓர் இணையதளம் எங்கள் தெருவுக்கான பள்ளிக்குக் கொடுத்திருந்ததைச் சொன்னேன்: பத்துக்கு நான்கு. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவாயில்ல தம்பி, பிரைவேட்ல போட்டுக்கலாம்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் வீடு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு தேடுவது பள்ளியைத்தான். பெரும்பாலான ஊர்களில் குடியிருக்கும் தெருவை வைத்துத்தான் பிள்ளைக்குப் பள்ளி. எல்லைக் கோடு சில இடங்களில் தெரு நடுவிலேயே ஓடும். எதிர்வீடு வேறு பள்ளி, வேறு விலை.

என் மகள் அந்த நாலு மார்க் பள்ளியில் இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். நகரத்துக்குள் இருக்கும் பழைய செங்கல் கட்டடம். மூன்று தலைமுறையாக அதே தெருவில் வாழும் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள், சோமாலியர்கள், வியட்நாமியர்கள், சைக்கிளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் வெள்ளைக்காரப் பெற்றோர்கள், நாங்கள். பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸ் நாலு மொழியில் இருக்கும். மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். அதனால் யார் வீட்டில் கஷ்டம் என்பது சாப்பாட்டு வரிசையில் தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பள்ளியை எனக்குப் பிடிக்கும்.

சரி, அந்த நான்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தேர்வு மதிப்பெண்ணிலிருந்து. தேர்வு மதிப்பெண்ணோ வீட்டு வருமானத்தின் பின்னாலேயே போகும். இது கல்வி ஆய்வாளர்கள் ஐம்பது அறுபது வருடமாகச் சொல்லிவரும் விஷயம். மகளின் வகுப்பில் ஒரு பையன், நாட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பெருக்கல் வகுத்தல் எல்லாம் மகளைவிட வேகமாகப் போடுவான். ஆனால் தேர்வில் கணக்கு ஒரு பத்தி ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. பள்ளியின் எண்ணில் அவன் பங்கும் சேர்ந்துவிட்டது. அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இஎஸ்எல் டீச்சரின் உழைப்பு எந்தக் கட்டத்தில் ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை.

1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, ஃபெடரல் மார்ஷல்கள் என்னும் மத்திய அரசுக் காவல் அதிகாரிகள் துணையோடு வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தாள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் நுழைந்ததும் வெள்ளைக்காரப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் முழுக்க ஒரே டீச்சரோடு தனியாக உட்கார்ந்து படித்தாள். வாசலில் நின்று கத்திய கூட்டத்தின் படத்தைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கத்தாமல் வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போனவர்களைப் படம் எடுக்க முடியாது. எனக்கு உறுத்துவது அவர்கள்தான், ஏனென்றால் நாமும் கத்துகிறவர்கள் இல்லை.

அப்படிப் போனவர்களுக்குச் சட்டமும் உதவியது. 1974இல் டெட்ராய்ட் வழக்கில், நகரப் பள்ளிகளையும் சுற்றியுள்ள புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் (தனித்தனிப் பள்ளி நிர்வாகப் பகுதிகள்) சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடுத்துவிட்டது. அதன்பின் எல்லையைத் தாண்டிக் குடிபோனாலே போதும் என்றாகிவிட்டது. பள்ளிப் பணத்தில் கணிசமான பங்கு சொத்து வரியிலிருந்து வருவதால், கோட்டுக்கு அந்தப்பக்கம் பணமும் சேர்ந்தே போனது.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால், "அது அவங்க சண்டை, நமக்கென்ன" என்பார்கள். 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற சீனச் சிறுமியைப் பள்ளி சேர்க்க மறுத்தது. அவள் பெற்றோர் வழக்குப் போட்டு 1885இல் ஜெயித்தார்கள். உடனே பள்ளி நிர்வாகம் சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்து அங்கே அனுப்பிவிட்டது. ஆசியர்களுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. நாம் இங்கே வர வழி திறந்த 1965 குடியேற்றச் சட்டமே, கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிக் கொண்டுவந்த மாற்றங்களின் சூட்டில் பிறந்ததுதான். அந்த வழியாக வந்துவிட்டு, அவர்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்றதும் நாம் ரேட்டிங் பார்க்கிறோம்.

இதனால் எங்கள் பள்ளி சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கலவையான பள்ளி தானாகக் கலந்துவிடாது. கஃபேடீரியாவில் பிள்ளைகள் மொழிவாரியாகத்தான் உட்காருகிறார்கள். கெட்டிக்காரர்கள் என்று தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான கிஃப்டெட் வகுப்பின் கதவைத் திறந்தால் நிறம் சட்டென்று மாறுகிறது. நம் பிள்ளைகளும் அதற்குள்தான் இருக்கிறார்கள், என் மகள் உட்பட. பெற்றோர் ஆசிரியர் சங்கமான பிடிஏவின் கூட்டம் ரொம்ப நாளாகக் காலை ஒன்பது மணிக்கு நடந்தது. ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மா எப்படி வருவார்? ஏழு பேர் உட்கார்ந்து, "மற்ற பெற்றோருக்கு ஆர்வம் இல்லை" என்று பேசிக்கொண்டிருந்தோம். நானும் தலையாட்டியிருக்கிறேன். மாலைக்கு மாற்றி, மொழிபெயர்க்க ஆளும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஏற்பாடு செய்த அன்று நாற்காலி பத்தவில்லை.

இந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அடுத்து எங்கள் தெருவுக்கு வாய்த்திருக்கும் மிடில் ஸ்கூலுக்கு ரேட்டிங் மூன்று. போன வாரம் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, அந்தத் தளத்தைத் திறந்து பக்கத்து டிஸ்ட்ரிக்டில் எட்டுக்கு மேல் இருக்கும் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து வந்து என்ன பார்க்கிறாய் என்று கேட்டாள். நாளைக்கு மழை வருமா என்று பார்க்கிறேன் என்றேன்.